கருக்காக்குறிச்சிக்கு வந்த பொன்

1898ஆம் ஆண்டு, மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானின் ஆட்சியில், புதுக்கோட்டை சமஸ்தானத்து ஆலங்குடிப் பக்கம் கருக்காக்குறிச்சியில் மண்ணுக்கடியிலிருந்து 501 தங்கக் காசுகள் வெளிவந்தன. அத்தனையும் ரோமாபுரிப் பேரரசர்களின் காசுகள். அகஸ்டஸ் காலத்தில் தொடங்கி வெஸ்பாசியன் காலத்தில் முடிகின்றன. பிரிட்டிஷ் மியூசியத்தின் நாணய அறிஞர் ஜி. எஃப். ஹில் அதே ஆண்டில் அவற்றைப் பட்டியலிட்டுக் கட்டுரை எழுதினார். காசு ஒன்று எட்டு கிராமுக்குச் சற்றுக் குறைவு. மொத்தம் நாலு கிலோவை நெருங்கும் பொன்.

இந்தப் புதையலைப் பற்றி எழுதுகிறவர்கள் ரோமில் தொடங்கி, கடல் கடந்து, தமிழ்நாட்டுக்கு வந்து சேர்வது வழக்கம். சரியான வழிதான். ஆனால் பயணத்தின் கடைசிச் சில அடிகள் மட்டுமே அதில் அடங்கும். காசுக்கு வயது இரண்டாயிரம். காசாக ஆன பொன்னுக்கு வயது 450 கோடி ஆண்டுக்கும் மேல். அது பிறந்தபோது நம் சூரியன்கூட இல்லை. அந்தப் பிறப்பிலிருந்து கதையைச் சொன்னால், காசுகளைப் பொத்தி வைத்திருந்த செம்மண்ணும் அந்தக் கதைக்குள் வந்துவிடுகிறது. பொன்னும் செம்மண்ணும் தற்செயலாக ஓரிடத்தில் சேர்ந்த அந்நியர்கள் அல்ல என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த செய்தி.

செம்மண்ணைச் சிவக்க வைப்பது இரும்பு. புதுக்கோட்டை வட்டாரத்தில் கிணறு வெட்டினாலும் வீட்டுக்குக் கடைக்கால் தோண்டினாலும் பல இடங்களில் செம்புறாங்கல் தட்டுப்படும். மழையும் வெயிலும் மற்றதையெல்லாம் கரைத்துக்கொண்டு போக, இரும்பும் அலுமினியமும் தங்கி இறுகிய கல் அது. அந்த இரும்பு, நட்சத்திரங்களின் வாழ்க்கையில் ஓர் எல்லைக்கல்.

சூரியனைப் போல இருபது மடங்கு எடையுள்ள நட்சத்திரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் மையத்தில் ஹைட்ரஜன் இணைந்து ஹீலியம் ஆகிறது. அந்த வெப்பத்தின் அழுத்தம் வெளிநோக்கித் தள்ளுகிறது, எடை உள்நோக்கி அமுக்குகிறது. இரண்டும் சமமாக இருக்கும்வரை நட்சத்திரம் நிற்கும். ஹைட்ரஜன் எண்பது லட்சம் ஆண்டு தாங்கும். பிறகு ஹீலியம் பன்னிரண்டு லட்சம் ஆண்டு. கார்பன் ஆயிரம் ஆண்டு. நியான் சில மாதம், ஆக்சிஜன் ஒன்றேகால் ஆண்டு, சிலிக்கான் பத்துப் பன்னிரண்டு நாள். ஹைட்ரஜனைவிட மற்ற எரிபொருள்கள் மிகக் குறைந்த ஆற்றலே தருவது இந்த அவசரத்துக்கு ஒரு காரணம். சிலிக்கான் எரிந்து முடிந்த இடத்தில் இரும்பு நிற்கிறது. இரும்பு அணுக்கருவைப் போல இறுக்கமாகக் கட்டப்பட்டவை மிகச் சிலவே. அதை மேலும் இணைத்தால் ஆற்றல் வராது, செலவுதான் ஆகும். அடுப்பு அணைந்துவிட்டது. மேலே சுற்றிலும் எரியும் அடுக்குகள் மையத்தில் மேலும் மேலும் இரும்பைக் கொட்டிக்கொண்டே இருக்கின்றன.

அந்த இரும்பு மையத்தை அப்போது தாங்கிப் பிடிப்பது வெப்பம் அல்ல, எலக்ட்ரான்கள். ஓர் அளவுக்கு மேல் எலக்ட்ரான்களை நெருக்க முடியாது. ஆனால் அந்தத் தாங்குதிறனுக்கும் ஒரு வரம்பு உண்டு என்று கணக்கிட்டுச் சொன்னவர்களில் முதன்மையானவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய பத்தொன்பது வயது சுப்பிரமணியன் சந்திரசேகர். வெள்ளைக் குள்ள நட்சத்திரங்களுக்காக அவர் போட்ட கணக்கு அது. அதே வரம்புதான் பெரு நட்சத்திரத்தின் இரும்பு மையத்துக்கும் பொருந்துகிறது. ஏறத்தாழ 1.4 சூரிய எடை. அதைத் தாண்டியதும் மையம் விழுகிறது.

விழுகிறது என்றால், சில ஆயிரம் கிலோமீட்டர் குறுக்களவுள்ள பந்து ஒரு நொடிக்குள் சில பத்துக் கிலோமீட்டருக்குச் சுருங்குகிறது. ஒளியின் வேகத்தில் கால்வாசி வேகம்வரை எட்டும் சரிவு. பல லட்சம் ஆண்டு பாடுபட்டுக் கட்டிய இரும்பு அணுக்கருக்களை வெப்பம் உடைத்துப் போடுகிறது. எலக்ட்ரான்கள் புரோட்டான்களுக்குள் திணிக்கப்பட்டு நியூட்ரான்கள் ஆகின்றன. ஒவ்வொரு திணிப்பிலும் ஒரு நியூட்ரினோ வெளியேறுகிறது. அணுக்கருவுக்குள் இருக்கும் அடர்த்தியை மையம் எட்டியதும், அணுக்கரு விசை எதிர்த்துத் தள்ளுகிறது. சரிவு சட்டென்று நின்று எகிறுகிறது. அந்த அதிர்வலையும் நியூட்ரினோக்களின் வெள்ளமும் சேர்ந்து மேலடுக்குகளை வீசி எறிகின்றன. சூப்பர்நோவா என்று நாம் காணும் வெளிச்சம் அந்த ஆற்றலில் மிகச் சிறு பங்கு; நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கை நியூட்ரினோக்கள் கொண்டுபோய்விடுகின்றன. 1987 பிப்ரவரி 23 அன்று பெரிய மகெல்லன் மேகத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்தபோது, அதன் ஒளி கண்ணில் படுவதற்குச் சில மணி நேரம் முன்பே ஜப்பானின் கமியோகாச் சுரங்கத்தில் அதன் நியூட்ரினோக்கள் பதிவாயின.

நியூட்ரினோ என்றதும் கோலார் தங்கவயலைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. வானிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்று மண்டலத்தில் உண்டாக்கும் நியூட்ரினோக்களை உலகில் முதன்முதலில் 1965இல் கண்டுபிடித்த இடங்களில் ஒன்று அந்தச் சுரங்கத்தின் ஆழம். தமிழ்த் தொழிலாளிகள் தலைமுறை தலைமுறையாக உயிரைக் கொடுத்துத் தோண்டிய குழிகள் அவை. பொன்னைத் தேடிப் போன பள்ளம், பொன்னின் பிறப்போடு தொடர்புள்ள துகளைப் பிடிக்கவும் உதவியிருக்கிறது.

பெரு நட்சத்திரம் வெடித்த பிறகு மிஞ்சுவதுதான் நியூட்ரான் நட்சத்திரம். மையத்து இரும்பு அதற்குள்ளேயே சிதைந்துபோய்விட்டது. நம் மண்ணில் இருக்கும் இரும்பு வேறு: வெடிப்பின் அதிர்வலை வெளி அடுக்குகளில் புதிதாகச் சமைத்த நிக்கல், சில நாட்களில் கோபால்ட்டாகி, பிறகு சில மாதங்களில் இரும்பாகி விண்வெளியில் பரவியது. வெள்ளைக் குள்ளர்களின் வெடிப்பிலிருந்தும் நிறைய வந்தது. செம்புறாங்கல்லின் சிவப்பு அப்படிச் சேர்ந்தது. பொன் மட்டும் இன்னும் பிறக்கவில்லை. அதற்கு அந்தப் பிணம் வேண்டும்.

புதுக்கோட்டையிலிருந்து திருமயம் கோட்டைக்கு இருபது கிலோமீட்டர். நியூட்ரான் நட்சத்திரத்தின் விட்டம் அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். இருபத்திநாலு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குள் சூரியனைவிட எடை கூடிய ஒரு பொருள். அதன் மேற்பரப்பில் சில சென்டிமீட்டர் தடிமனில் ஒரு காற்று மண்டலம். கீழே திடமான ஓடு, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். ஓட்டின் மேல்புறம் எதனால் ஆனது என்று கேட்டால், பெரும்பாலும் இரும்பு. எந்தத் தனிமம் நட்சத்திரத்தின் உயிரை நிறுத்தியதோ, அதுவே அதன் தோல். அங்கே ஈர்ப்பு பூமியைப் போல பத்தாயிரம் கோடி மடங்கு; மலை என்று எழும்பினால் மில்லிமீட்டர் கணக்கில்தான்.

ஓட்டில் இறங்க இறங்க அழுத்தம் ஏறுகிறது. எலக்ட்ரான்கள் புரோட்டான்களுக்குள் தள்ளப்பட்டு, அணுக்கருக்களில் நியூட்ரான் மிகுந்துகொண்டே போகிறது. ஓர் ஆழத்தில் அணுக்கருக்களால் இனித் தாங்க முடியாமல் நியூட்ரான்கள் வெளியே கசியத் தொடங்குகின்றன. இன்னும் கீழே, ஓட்டின் அடிவாரத்தில், அணுக்கருக்கள் ஒன்றையொன்று தொடும் அளவுக்கு நெருங்கி உருமாறுகின்றன. இயற்பியலாளர்கள் இந்த அடுக்கை இத்தாலிய உணவின் பெயரால் அணுக்கருப் பாஸ்தா என்கிறார்கள். நம் சமையலறையில் சொன்னால், முதலில் கொழுக்கட்டைகள், அவை நீண்டு இடியாப்பம், பிறகு தட்டையாகி அடுக்கிய தோசை. கணினிக் கணக்குகளின்படி இந்த அடுக்கு நமக்குத் தெரிந்த பொருள்களிலேயே மிக உறுதியானதாக இருக்கக்கூடும்.

அதற்குக் கீழே திடம் இல்லை. அணுக்கரு என்ற தனித்தனி உருவே கரைந்து, நியூட்ரான் கடல். அதில் சிறு பங்கு புரோட்டான், எலக்ட்ரான், மியூவான். இந்த அடர்த்தியை எண்ணிப் பார்க்க ஒரு வழி உண்டு. கருக்காக்குறிச்சிக் காசு ஒன்றின் கனஅளவு அரை கன சென்டிமீட்டருக்கும் குறைவு. அந்த இடத்தை நியூட்ரான் நட்சத்திரத்தின் உட்பொருளால் நிரப்பினால் எடை ஒன்பது கோடி டன்னுக்கு மேல். வெளியே எடுத்தால் அது அப்படியே நிற்காது என்பது வேறு விஷயம். தனித்து விடப்பட்ட நியூட்ரான் ஏறத்தாழப் பதினைந்து நிமிடத்தில் சிதைந்து புரோட்டானாகிவிடும். உள்ளே நெருக்கத்தில், சிதைவில் பிறக்கும் எலக்ட்ரானுக்கு இடம் இல்லாததால் சிதையாமல் கிடக்கிறது. நட்சத்திரத்தின் நட்டநடு மையத்தில் நியூட்ரான்களே நொறுங்கிக் குவார்க்குகளாகியிருக்குமா என்பது இன்றும் ஆராய்ச்சியில் இருக்கும் கேள்வி. அதற்காகத்தான் அவற்றின் எடையையும் ஆரத்தையும் இவ்வளவு பாடுபட்டு அளக்கிறார்கள். சூரியனைவிட இருமடங்கு எடையுள்ள ஒன்றின் ஆரமும் பன்னிரண்டு கிலோமீட்டரை ஒட்டியே வருவது, உள்ளே இருப்பது எளிதில் நசுங்காத பொருள் என்று காட்டுகிறது.

யாரும் போகவே முடியாத இந்த உள்ளிடத்தைப் பற்றி முதல் துப்புக் கொடுத்தவர்களில் ஒருவர் தமிழர். சென்னைத் தண்டையார்பேட்டையில் 1929இல் பிறந்த வெ. ராதாகிருஷ்ணன்; சர் சி. வி. ராமனின் மகன். ஜோசலின் பெல் 1967இல் முதல் பல்சாரைக் கண்டுபிடித்திருந்தார். சுழலும் நியூட்ரான் நட்சத்திரத்திலிருந்து வரும் வானொலித் துடிப்பே பல்சார். ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் வானொலித் தொலைநோக்கியில் ராதாகிருஷ்ணனும் உடன் ஆய்வாளர் மான்செஸ்டரும் வீலா பல்சாரைப் பார்த்துவந்தார்கள். மாசி பங்குனி இரவில் நம் ஊரிலிருந்து தெற்கே பார்த்தால் அகத்திய நட்சத்திரத்துக்குக் கிழக்கே இருக்கும் பகுதி அது. அந்தப் பல்சார் நொடிக்குப் பதினொரு முறை சுழல்கிறது. சுழற்சி மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே போக வேண்டும், அதுதான் கணக்கு. 1969 பிப்ரவரி கடைசிக்கும் மார்ச் தொடக்கத்துக்கும் இடையில் அது திடீரென்று வேகம் கூடிவிட்டது. பத்து லட்சத்தில் இரண்டு பங்கு அளவுதான். அமெரிக்காவில் இன்னொரு குழுவும் அதையே கண்டது.

வெளியிலிருந்து யாரும் அதைத் தள்ளிவிடவில்லை. அப்படியானால் வேகம் உள்ளேயிருந்துதான் வந்திருக்க வேண்டும். அதன் பிறகு சுழற்சி பழைய போக்குக்குத் திரும்ப மாதக்கணக்கில் ஆனது. கட்டியான பொருள் இப்படி நடக்காது. ஓட்டுக்குள்ளே உராய்வே இல்லாத மீபாய்மம் இருந்தால்தான் நடக்கும். ஓடு வேகம் குறைந்துகொண்டே போக, உள்ளே இருக்கும் மீபாய்மம் தன் பழைய வேகத்திலேயே சுழன்றுகொண்டிருக்கிறது. அதன் நுண்சுழிகள் ஓட்டின் அணுக்கருக்களில் சிக்கி நிற்கின்றன. ஒரு கட்டத்தில் மொத்தமாக விடுபட்டுத் தங்கள் வேகத்தை ஓட்டுக்குக் கொடுத்துவிடுகின்றன. பூமியில் ஹீலியத்தை மீபாய்மம் ஆக்க, தனிச்சுழிக்கு இரண்டு டிகிரி அருகே குளிர்விக்க வேண்டும். அங்கே பத்துக் கோடி டிகிரிச் சூட்டிலும் நியூட்ரான்கள் மீபாய்மமாக இருக்கின்றன. அந்த அடர்த்தியில் அது குளிர்ச்சிதான். சந்திரசேகரின் வரம்பு எல்லோருக்கும் தெரிகிறது. ராதாகிருஷ்ணனின் இந்தக் கண்டுபிடிப்பைத் தமிழில் போதிய அளவு சொல்லவில்லை என்பது என் வருத்தம்.

இனிப் பொன். நட்சத்திரங்கள் பெரும்பாலும் இணைகளாகப் பிறப்பதால், சில இடங்களில் இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருக்கும். ஈர்ப்பலைகளாக ஆற்றலை இழந்து இழந்து, பல கோடி ஆண்டுகளில் நெருங்கி, மோதுகின்றன. மோதலில் சூரிய எடையில் சில சதவீதம் மட்டும் ஒளியின் வேகத்தில் பத்தில் ஒன்று முதல் மூன்று பங்கு வேகத்தில் வெளியே தெறிக்கிறது. அந்த அமுக்கம் போனதும் நியூட்ரான் கூழ் விரிந்து அணுக்கருக்களாகத் திரள்கிறது. சிறு அணுக்கருக்கள் நியூட்ரான்களை விழுங்குகின்றன. சாதாரணமாக ஒரு நியூட்ரான் உள்ளே போனால், அது புரோட்டானாக மாற நேரம் கிடைக்கும். இங்கே அந்த அவகாசம் இல்லை. அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கும். நியூட்ரான் எண்ணிக்கை 126ஐ எட்டும்போது அணுக்கரு கொஞ்சம் தயங்குகிறது, ஏனெனில் அந்த எண் தனிப்பட்ட உறுதி உடையது. அங்கே குவிந்தவை, வெள்ளம் வடிந்த பிறகு, தங்கள் நியூட்ரான்களை ஒவ்வொன்றாகப் புரோட்டானாக்கி இரிடியம், பிளாட்டினம், தங்கம் என்று நிலைகொள்கின்றன. 79 புரோட்டான், 118 நியூட்ரான். தங்கத்துக்கு நிலையான வடிவம் இது ஒன்றே. நியூட்ரான்களை விழுங்கும் வேலை ஏறத்தாழ ஒரு நொடியில் முடிந்துவிடுகிறது.

இந்த வழிமுறையை 1957லேயே பர்பிட்ஜ் தம்பதியர், ஃபவுலர், ஹாயில் எழுதிவிட்டார்கள். நடக்கும் இடத்தை நேரில் பார்த்தது 2017 ஆகஸ்ட் 17 அன்று. பதின்மூன்று கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதிய ஈர்ப்பலை லைகோ, விர்கோ கருவிகளில் பதிவானது. ஏறத்தாழ இரண்டு நொடி கழித்துக் காமாக்கதிர். பதினொரு மணி நேரம் கழித்துச் சிலியிலிருந்து ஒரு தொலைநோக்கி அந்த வெளிச்சத்தைப் பிடித்தது. அது நீலத்திலிருந்து சிவப்புக்கு மாறி மங்கிய விதம், கனமான தனிமங்கள் அங்கே உண்டாகிச் சிதைந்துகொண்டிருந்ததைக் காட்டியது. அதில் உண்டான தங்கம் மட்டும் பல பூமிகளின் எடைக்குச் சமம் என்று மதிப்பிட்டார்கள். மோதல் ஒன்றே வழி அல்ல. மிகக் கடுமையான காந்தப்புலம் கொண்ட நியூட்ரான் நட்சத்திரம் ஒன்றில் 2004 டிசம்பரில் எழுந்த மாபெரும் வெடிப்பிலும் இதே வேலை நடந்ததற்கான தடயத்தை 2025இல் பழைய தரவுகளிலிருந்து எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். இந்த இரண்டில் எந்த வழியில் வந்தாலும் நியூட்ரான் நட்சத்திரத்தின் பொருளைத் தொட்டுத்தான் வந்திருக்கிறது.

புதுக்கோட்டையின் அம்மன் காசை இங்கே நினைத்துக்கொள்கிறேன். சமஸ்தானத்தில் நவராத்திரி நாட்களில் அரிசியோடு கொடுத்த அந்தச் சிறு காசு செம்பால் ஆனது. செம்பு, உயிரோடிருக்கும் பெரு நட்சத்திரத்துக்குள் நிதானமாகவே உண்டாகிவிடும். பொன்னுக்கு அப்படி ஒரு அமைதியான பிறப்பு அவ்வளவாகக் கிடைப்பதில்லை.

தெறித்த பொன் தூசியோடும் வாயுவோடும் கலந்து பால்வீதியில் அலைந்தது. ஏறத்தாழ 457 கோடி ஆண்டுக்கு முன் அப்படியொரு மேகம் சுருங்கிச் சூரியனும் கோள்களும் பிறந்தன. உருகிக்கிடந்த இளம் பூமியில் இரும்பு மையத்துக்கு இறங்கியபோது, இரும்போடு ஒட்டும் குணமுள்ள தங்கமும் கூடவே இறங்கிவிட்டது. இன்றும் பூமியின் தங்கத்தில் மிகப் பெரும்பங்கு மையத்தில்தான் கிடக்கிறது. மேலோட்டில் நமக்குக் கிடைப்பது, மையம் பிரிந்த பிறகு வந்து விழுந்த விண்கற்கள் கொண்டுவந்தது என்பதே பெரும்பாலானோர் ஏற்கும் விளக்கம். டன்னுக்குச் சில மில்லிகிராம். வெந்நீர் ஊற்றுகள் பாறைப் பிளவுகளில் ஓடி அதைத் திரட்டி வைத்த இடங்கள்தான் சுரங்கங்கள்.

ரோமின் பெரிய சுரங்கங்கள் ஸ்பெயினின் வடமேற்கில் இருந்தன. லாஸ் மெதுலாஸில் மலைக்குள் குடைந்து, தொலைவிலிருந்து வாய்க்காலில் கொண்டுவந்த நீரைத் திறந்துவிட்டு மலையையே சரித்து, சேற்றிலிருந்து பொன்னை அரித்தார்கள். அந்த முறையை எழுதிவைத்த ரோம அறிஞர் பிளினி, இந்தியா ஆண்டுதோறும் ரோமின் ஐந்து கோடி செஸ்டர்ஸை உறிஞ்சுகிறது என்று குறைபட்டதும் புகழ்பெற்றது. நூறு செஸ்டர்ஸ் ஒரு தங்கக் காசு. அவர் கணக்குப்படி ஆண்டுக்கு ஐந்து லட்சம் தங்கக் காசு. கருக்காக்குறிச்சிப் புதையல் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பிரான்சின் லியோன் நகரத்திலும் ரோமிலும் அச்சான காசுகள் செங்கடல் துறைகளில் கப்பலேறி, பருவக்காற்றைப் பிடித்து வந்தன. யவனர் பொன்னைக் கொண்டுவந்து மிளகை ஏற்றிச் சென்றதை அகநானூற்றின் 149ஆம் பாட்டு முசிறியில் வைத்துச் சொல்கிறது. மிளகு, முத்து, பச்சைக்கல் என்று பலவற்றுக்கு விலையாக வந்த பொன் கைமாறிக் கைமாறிக் கிழக்கே நகர்ந்து ஆலங்குடிப் பக்கம் நின்றது.

மண்ணிலிருந்து வெளிவந்தபோது அவற்றில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட காசுகளில் பேரரசரின் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டிய தழும்பு இருந்தது. காசாக இனிச் செல்லாது என்று காட்டவே வெட்டினார்கள் என்பது ஹில்லின் கருத்து. உள்ளே செம்பு இருக்கிறதா என்று சோதித்த வெட்டு என்பவர்களும் உண்டு. இத்தனை காசிலும் முகத்தையே தேடி வெட்டியிருப்பதால் ஹில் சொல்வதே எனக்குச் சரியாகப்படுகிறது. சோதிக்க ஓரத்தில் ஒரு கீறல் போதும். தமிழ் மண்ணில் பேரரசர் டைபீரியஸின் முகத்துக்கு மதிப்பில்லை. எடைக்கும் மாற்றுக்கும்தான் மதிப்பு.

புதையலின் காசுகள் சில இன்று லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில், தழும்போடு இருக்கின்றன. புதுக்கோட்டைக்கு அருகே பொற்பனைக்கோட்டையில் 2023இல் தொல்லியல் துறை அகழ்ந்தபோது சின்னஞ்சிறு பொன் அணி ஒன்று கிடைத்தது. அதே கோட்டை வட்டாரத்தில் பழங்காலத்தில் இரும்பு உருக்கிய கசடும் கிடைக்கிறது. திருக்கோகர்ணத்தில் 1910இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே ஒரு செம்புறாங்கல் துண்டையும் ஒரு ரோமக் காசின் படியையும் பக்கத்தில் வைத்து, இரண்டுக்கும் நடுவே ஒரு நியூட்ரான் நட்சத்திரத்தின் குறுக்குவெட்டுப் படத்தை மாட்ட வேண்டும். கீழே ராதாகிருஷ்ணன் 1969இல் கண்டதையும் பிள்ளைகள் படிக்கும் எழுத்தில் எழுதிவைக்க வேண்டும். அதற்கு ஒரு சுவரும் ஒரு கண்ணாடிப் பெட்டியும் போதும்.